எந்த நிமிஷத்துல எழுந்தீங்க?

உலகத்திலேயே ஒரு ரசிகர்கூட இல்லாத ஒரே திரைப்பட இயக்குநர் எங்கள் முக்காலி அண்ணன்தான். மகா மோசமான படம் எடுப்பவர்களுக்குக்கூட மாமன் மச்சான் என்று நாலு பேர் கைதட்ட இருப்பார்கள். அண்ணனுக்கு அதுவும் இல்லை. அவர் படத்தை யாரும் திட்டியதும் கிடையாது. திட்டுவதற்காவது கடைசிவரை பார்த்திருக்க வேண்டுமே.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. விமான டிக்கெட்டில் அச்சாகியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வட்டாரமான ஜாலான் புசாரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கேமரா வைக்கும் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை எப்போதும் தோளில் மாட்டிக்கொண்டு திரிவார், அதனால் முக்காலி. கேமரா எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். கீறல் விழுந்த ஒரு பழைய கைப்பேசிதான். அதை இரண்டு ரப்பர் பேண்டு போட்டு ஸ்டாண்டின் தலையில் கட்டுவார்.

"கேமரா யார் வேணும்னாலும் வாங்கலாம் லா தங்கச்சி. ஆடாம நிக்கிறதுதான் கஷ்டம்" என்பார்.

அவருக்குச் சோறு போட்ட வேலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கிராஞ்சியில் இருக்கும் ஒரு செடிப்பண்ணை, ஊரிலுள்ள அலுவலகங்களுக்கெல்லாம் தொட்டிச் செடிகளை வாடகைக்கு விடுகிறது. வாரம் ஒரு முறை ஆள் வந்து, தண்ணீர் ஊற்றி, இலையைத் துடைத்து, செத்ததை எடுத்துக்கொண்டு உயிரோடு இருப்பதை வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரும் ஆள் அண்ணன்.

அலுவலகம் என்றால் ஏதோ கண்ணாடி மாளிகை என்று நினைக்க வேண்டாம். பழைய கடைவீடு ஒன்றின் மாடி. கீழே ஆணியும் குழாயும் விற்கும் கடை, மேலே நானும் பரீதா அக்காவும். 'தரை வழுக்கும், கவனம்', 'தலை இடிக்கும், குனியவும்' போன்ற அமர இலக்கியங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் பணி. அலுவலகத்தையும் என்னையும் மேய்ப்பது பரீதா அக்காவின் பணி. இரண்டு பேருக்கு நான்கு செடி. அதில் ஒன்று பிளாஸ்டிக். அண்ணன் அதற்கும் தண்ணீர் ஊற்றுவார். ஒன்றை மட்டும் விட்டால் அது மனசு சங்கடப்படுமாம்.

உலக நடப்பு விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு கொள்கை இருந்தது. நாளிதழை வாங்கியவுடன் பிரிக்க மாட்டார். தேதிவாரியாக அடுக்கிக் கட்டி வைத்து, சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் படிப்பார்.

"சுடச்சுடச் சாப்பிட்டா நாக்கு பொத்துப் போயிடும் தங்கச்சி. ஆற வச்சுப் படிச்சா எது செய்தி, எது சும்மா கூச்சல்னு தானா தெரிஞ்சிடும்."

கேட்பதற்கு ஞானி பேசியதுபோல இருக்கும். கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஊரே ஒரு விஷயத்துக்குக் கொதித்து, அடங்கி, அதை மறந்தும் போன பிறகு, அண்ணன் தண்ணீர் வாளியோடு மாடியேறி வந்து "இந்த அநியாயத்தைப் பாத்தீங்களா!" என்று கத்துவார். எந்த அநியாயம் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். கனமழை எச்சரிக்கையைப் படித்துவிட்டு, மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஒரு வாரம் குடையும் ரப்பர் பூட்ஸுமாக வந்தார். தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் லாரியில் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். அண்ணன் இலையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவை யாரு ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

பரீதா அக்கா வாயைத் திறந்தார்.

"சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க! நான் இன்னும் அங்க வரல!"

இத்தனைக்கும் ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இனி படங்களுக்கு வருவோம். அண்ணன் எடுப்பது பரிசோதனைப் படம். பரிசோதனை அவருக்கா நமக்கா என்பது வேறு விஷயம். ஸ்டாண்டை நட்டு, கைப்பேசியைக் கட்டி, பொத்தானை அமுக்கிவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். முன்னால் என்ன நடக்கிறதோ அதுதான் படம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் இன்னும் நல்ல படம். சிராங்கூன் சாலையில் பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் நடப்பதை நாற்பது நிமிடம் எடுத்திருக்கிறார். பொங்கோலில் ஒரு மழைக்குட்டை காய்வதை இரண்டு மணி நேரம் எடுத்திருக்கிறார்.

"என்ன கதைண்ணே?"

"தண்ணி காயுது."

"அப்புறம்?"

"காஞ்சு முடியுற நேரத்துல மழை வந்துடுது. அதான் ட்விஸ்ட்."

சோகக் கதைதான், மறுப்பதற்கில்லை.

மற்ற இயக்குநர்கள் "படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். அண்ணன் அப்படிக் கேட்டதே இல்லை. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த நிமிஷத்துல எழுந்தீங்க?" கோபமாகக் கேட்க மாட்டார். காய்ச்சல் எப்போது வந்தது என்று மருத்துவர் விசாரிப்பதுபோல அக்கறையாகக் கேட்பார். நாம் பதில் சொன்னதும் தலையாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அந்த நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். பச்சை மனிதன் படத்தில் நான் பதினொன்றாவது நிமிடம்வரை தாக்குப்பிடித்தேன். அதுவே வரலாற்றுச் சாதனை. பரீதா அக்காவைக் கேட்டபோது, "ரெண்டு. அதுலயும் செருப்பு தேடுன நேரத்தைச் சேத்துதான் சொல்றேன்" என்றார்.

ஆனால் ஆசை மட்டும் அண்ணனுக்கு உண்மையான ஆசை. அவர் மனைவி காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் மெல்பர்னில் குடும்பத்தோடு இருக்கிறாள். "தனியா என்னப்பா பண்றீங்க, இங்க வந்துடுங்க, பேத்தி உங்களை போன்ல மட்டும்தான் தாத்தாங்குறா" என்று வாராவாரம் கூப்பிடுவாள். அண்ணன் நகர மாட்டார்.

"ஒரே ஒரு ஆள், என்னோட ஒரே ஒரு படத்தைக் கடைசி வரைக்கும் பாத்துட்டா போதும் தங்கச்சி. அடுத்த பிளைட்ல ஏறிடுவேன். அதுவரைக்கும் இங்க என் வேலை முடியல."

"உங்க மக பார்க்கலையாண்ணே?"

"ஆறு நிமிஷம் பாத்தா. அப்புறம் புள்ள அழுதுடுச்சு."

கலையைப் பற்றி எனக்கு இருக்கும் அரைகுறை அறிவுக்கும் அண்ணன்தான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனார். அங்கே ஓர் அறையின் நடுவில் ஒற்றைத் தொட்டிச் செடி வாடிப்போய் நின்றது. பக்கத்தில் நீளமான விளக்க அட்டை. மனிதனின் அலட்சியத்தால் இயற்கை சிறுகச் சிறுகச் சாவதைக் கண்காட்சி முடியும்வரை மக்கள் நேரில் காண வேண்டும் என்பதற்காகக் கலைஞர் அதற்குத் தண்ணீர் விடாமல் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. நான் படித்து உருகிக்கொண்டிருந்தேன். அண்ணன் அட்டையைப் படிக்கவில்லை. அவர் செடியைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துச் சாய்த்துவிட்டார்.

அதோடு விட்டாரா? வாராவாரம் போய் ஊற்றியிருக்கிறார், உரமும் போட்டிருக்கிறார். ஒரு மாதத்தில் செடி தளதளவென்று வளர்ந்து நின்றது. கலைஞர் வந்து பார்த்துத் திகைத்துப்போய், 'எத்தனை அலட்சியம் செய்தாலும் இயற்கை தோற்பதில்லை' என்று புது அட்டை எழுதி வைத்துவிட்டார். அண்ணன் அதையும் படிக்கவில்லை.

பயணம் என்றால் அண்ணனுக்கு உயிர். வருட விடுப்பைச் சேர்த்து வைத்து எங்காவது கிளம்பிவிடுவார். போன இடத்தைப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய கோயில் வாசலில் இரண்டு நாள் செருப்பு விடும் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். "கோபுரம் எப்படிண்ணே?" என்றால், "நல்ல நிழல்" என்றார். பாரிஸுக்குப் போனவர், உலகமே அண்ணாந்து பார்க்கும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வரிசையில் நின்ற ஒரு வயதானவர் கொட்டாவி விடுவாரா என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவர் விடவில்லை. அண்ணன்தான் விட்டார்.

அவரோடு நாங்கள் பயணம் போனது ஒரே ஒரு முறை, படகேறினால் வந்துவிடும் பக்கத்து நாட்டுப் பாத்தாம் தீவுக்கு, ஒரு நாள் சுற்றுலா. கீழ்க்கடைக்காரர்களும் நாங்களும் சேர்ந்து போனோம். வியாழக்கிழமைக் குடும்பத்தில் அண்ணனும் ஒருவர் என்பதால் அவரையும் கூப்பிட்டோம். மற்றவர்கள் மீன் சாப்பிட்டு, முதுகு பிடித்துவிடச் சொல்லி, அடுக்கு கேக் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். சாயங்காலம் எல்லாரும் திரும்பும் படகில் ஏறினோம். பெரிய நீலநிறப் படகு. அது கிளம்பிய பிறகுதான் பின்தளத்தில் நின்ற பரீதா அக்கா அலறினார்.

"ஏய், அண்ணன் எங்கடி?"

அண்ணன் படகுத்துறையிலேயே இருந்தார். ஸ்டாண்டை நட்டு, கைப்பேசியைக் கட்டி, கைகட்டி நின்று, நாங்கள் போவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம், கத்தினோம், கேக் பெட்டியை ஆட்டினோம். அண்ணன் பதற்றமில்லாமல் ஒரு கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினார். 'ஆடாதீங்க' என்று அர்த்தம். அந்தப் படகில் தானும் போக வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசிப் படகில் வந்து சேர்ந்தார். வியாழக்கிழமை நான் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் இலையைத் துடைத்தபடி, "நல்ல ஷாட் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

இப்படி இருந்தவருக்குப் போன வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. நான் உறுப்பினராக இருக்கும் வட்டாரத் தமிழ்க் குழுவின் மாதக் கூட்டத்தில் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. செயலாளர் எனக்குப் போன் செய்தார். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி, வீட்டில் தேங்காய் கேட்பதைக்கூடச் செந்தமிழில் கேட்பவர்.

"அம்மா, நாற்பது நிமிடத்தை நிரப்ப ஏதேனும் வழி உண்டா?"

"முப்பத்தெட்டு நிமிஷத்துல ஒரு படம் இருக்கு சார்."

"கருத்து இருக்கிறதா?"

"கருத்தைத் தவிர வேற எதுவுமே இருக்காது சார்."

அண்ணனிடம் சொன்னபோது பிளாஸ்டிக் செடியின் மேல் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டார். படத்தின் நீளத்தை மட்டும் முன்பே சொல்லியிருந்தார், என்ன படம் என்று கடைசிவரை சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒரு பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க வச்சிருங்க. நான் வச்சிருந்தா பயத்துலயே தொலைச்சிடுவேன். ஆரம்பத்துல வெறும் நீலமாத்தான் இருக்கும், கோளாறுன்னு நினைச்சு யாராவது நிறுத்திடப் போறாங்க. நீங்க முன்னாடியே சொல்லிடுங்க."

"நீங்க உள்ள இருப்பீங்கல்ல?"

"ஐயோ, என்னால முடியாது. கதவுக்கு வெளியில நிக்கிறேன். எழுந்து வர்றவங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குப் போதும்."

சனிக்கிழமை மாலை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறை. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அறையின் பின்பக்கம் மூடி போட்ட பாத்திரங்களில் பீஹூன் சேமியாவும் கறிபஃப்பும் மசால் வடையும் மணத்துக்கொண்டிருந்தன. பரீதா அக்கா மசால் வடைக்கு மிக அருகில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டார். வரவேற்புரை முடிந்து என்னை அறிமுக உரைக்கு அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. பன்னிரண்டு நிமிடம் முழங்கினேன்.

"இந்தப் படத்தில் கதை இல்லை, ஆள் இல்லை, வசனம் இல்லை. திரையில் வெறும் நீலம் தெரிந்தால் கோளாறு என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். அதுதான் படம். புரியவில்லை என்றால் குறை படத்தில் இல்லை."

விளக்கு அணைந்தது. திரையில் நீலம் வந்தது.

ஐந்து நிமிடம் கழித்தும் நீலம். ஒரு மூலையில் சிறு பெட்டி ஒன்று முளைத்து, அதற்குள் 'நோ சிக்னல்' என்ற இரண்டு ஆங்கில வார்த்தைகள் மெதுவாக மிதக்க ஆரம்பித்தன. திரையின் விளிம்பில் முட்டும், திரும்பும், மறுபடியும் மிதக்கும். அண்ணன் முன்னேறிவிட்டார், எழுத்தெல்லாம் போட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து நிமிடத்தில் அறையில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொண்டது. அந்தப் பெட்டி சரியாக மூலையைப் போய்த் தொடுமா, தொடாதா? நெருங்கி வரும்போதெல்லாம் முன்வரிசை மூச்சைப் பிடிக்கும். ஒரு மயிரிழையில் தவறிப்போகும்போது "ச்சு" என்று எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். இருபத்தாறாவது நிமிடத்தில் அது மூலையைத் தொட்டே விட்டது. ஒருவர் எழுந்து கைதட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணில் நீர் வந்தது.

முப்பத்தெட்டாவது நிமிடம் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து விளக்கைப் போட்டார். மசால் வடையின் அருள் பாதி, என் மிரட்டல் பாதி, ஒருவர்கூட இடையில் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்தால் வெளியே அண்ணன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒருத்தரும் வெளிய வரலையே தங்கச்சி..." என்றார்.

செயலாளர் அவரை மேடைக்கு இழுத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார். "இன்றைய மனிதனுக்கு இறைவனிடமிருந்தும் சமிக்ஞை இல்லை, இல்லத்திலிருந்தும் சமிக்ஞை இல்லை. என்ன ஒரு படிமம்!" என்று முழங்கினார். அண்ணன் ஒன்றும் புரியாமல் செயலாளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கும்பிட்டார். நான் கண்ணைத் துடைக்கக் கைப்பையைத் திறந்தேன். கைக்குட்டை முடிச்சு வந்தது. முடிச்சுக்குள் பென்டிரைவ் இருந்தது.

செயலாளர் செருகியிருப்பார் என்று நானும், நான் செருகியிருப்பேன் என்று செயலாளரும் நினைத்திருக்கிறோம். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன், வெளியே எடுக்கவே இல்லை. பேயறைந்தவள் மாதிரி நின்றபடி மூன்று கறிபஃப் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அண்ணன் பொன்னாடையோடு வந்தார். பாட்டுப் பாடிக்கொண்டே ஊற்றியதில் ஒரு செடி அழுகிப்போனது. அடுத்த வாரம் இன்னொன்று போனது. மூன்றாவது வாரம் வந்து, "மகளுக்குச் சொல்லிட்டேன், வேலையை விட்டுட்டேன், டிக்கெட்டும் போட்டாச்சு. அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில பிளைட்" என்று டிக்கெட்டையே எடுத்துக் காட்டினார்.

அவர் போன பிறகு பரீதா அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"சொன்னா மனுஷன் டிக்கெட்டைக் கிழிச்சிடுவாரு. அந்தப் புள்ள போன்லயே தாத்தாங்கும். சொல்லாட்டி ஆயுசுக்கும் ஒரு நீல ஸ்கிரீனை நம்பிட்டுக் கெடப்பாரு. நல்ல வேலை பண்ணுனடி நீ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகினேன். நடந்ததை மாற்ற முடியாது. ஒரு ஆளாவது கடைசிவரை பார்த்தார் என்பதை நிஜமாக்கலாம் அல்லவா?

நீலம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த நீலம் லேசாக ஆடியது. நான்காவது நிமிடம் அது மெல்ல விலகியபோதுதான் தெரிந்தது, அது ஒரு படகின் பக்கவாட்டு. படகு திரும்பி நகர்ந்தது. அதன் பின்தளத்தில் இரண்டு பெண்கள் பைத்தியம்போலக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் அடுக்கு கேக் பெட்டி. அது நான்.

பதினொன்றாவது நிமிடம் துணி துவைக்கும் இயந்திரம் கூவியது. எழுந்திருக்கவில்லை. பதினைந்தில் போன் அடித்தது. எடுக்கவில்லை. இருபதில் எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. கலைக்காக இவ்வளவு தியாகத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. நாங்கள் குதித்துக் குதித்துச் சிறியதாகி, ஒரு புள்ளியாகி, இருபத்திரண்டாவது நிமிடம் மறைந்துபோனோம். அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. வெறும் கடல். நாங்கள் போன திசையையே கேமரா ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. விமான நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் என்னை எத்தனையோ பேர் வழியனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு நேரம் நின்று யாரும் வழியனுப்பியதில்லை.

முப்பத்தெட்டாவது நிமிடம். கடல், கடல், கடல். கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் மெதுவாக வந்தது.

"ஐயையோ! அந்தப் போட்ல நானும்ல போகணும்!"

படம் முடிந்தது. நான் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டேன்.

கடைசி வியாழக்கிழமை அண்ணன் வந்ததும் வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"அண்ணே, நான் படத்தைப் பாத்தேன்."

அவர் முகம் மாறவில்லை. "எந்த நிமிஷத்துல எழுந்தீங்க?"

"எழுந்திருக்கல."

"கடைசியில என்ன வருது?"

நான் 'ஐயையோ' என்று தலையில் கைவைத்து, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய, பிளாஸ்டிக் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது அன்னிக்கே தெரியும் தங்கச்சி" என்றார்.

"தெரியுமா!"

"கதவுல காதை வச்சுக்கிட்டுதான் நின்னேன். முப்பத்தெட்டாவது நிமிஷம் ஒருத்தர்கூடச் சிரிக்கல. அந்த இடத்துல சிரிக்காம இருக்க முடியாது லா. ஓகே, நம்ம படம் ஓடலைன்னு புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் எதுக்குண்ணே டிக்கெட் போட்டீங்க?"

"பென்டிரைவை நீங்க திருப்பித் தரலையே. ஒரு பொருளைத் திருப்பித் தராதவங்க, ஒண்ணு அதைத் தொலைச்சிருக்கணும், இல்ல பாக்கப் போறாங்கன்னு அர்த்தம். நீங்க தொலைக்கிற ஆள் இல்ல."

"பார்க்காம விட்டிருந்தா?"

"நீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு நானும் பரீதா அக்காவும் போனோம். முக்காலியைப் பெட்டியோடு அனுப்பச் சொல்லிவிட்டதால் அண்ணனின் தோள் வெறுமையாக இருந்தது. பார்க்கவே யாரோ மாதிரி இருந்தது. அக்கா கயிறு கட்டிய நாளிதழ்க் கட்டு ஒன்றை நீட்டினார்.

"பிளைட்ல படிங்க. எல்லாம் போன மாசத்துது. நல்லா ஆறிடுச்சு."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் அதை வாங்கும்போதுதான் அழுதார்.

உள்ளே போனவர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பினார். கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து எங்களை நோக்கித் திருப்பினார். ஒரு கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். நான் அப்படியே நின்றேன். அப்படியே பின்பக்கமாக நடந்து, நடந்து, கூட்டத்தில் மறைந்துபோனார். நான் அசையவில்லை. தரை துடைக்கும் வண்டி என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

"என்னடி பண்ற? அவர்தான் போயிட்டாரே."

"படம் இன்னும் ஓடுதுக்கா" என்றேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

இந்தக் கட்டுரை அச்சில் வந்தாலும் அண்ணன் ஒரு மாதம் கழித்துத்தான் படிப்பார். அதனால் தைரியமாக எழுதுகிறேன். அன்று அவர் மெல்பர்னில் இறங்கியதும் முதல் வேலையாக எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். நான் வீட்டில் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"ஏர்போர்ட்ல எந்த நிமிஷத்துல கிளம்புனீங்க?"

ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பதில் அடித்தேன்.

"இன்னும் கிளம்பலைண்ணே."